உயிர்த்தெழுதலை ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டால்: ஒரு புரூஃப் ரீடர் பதில் தயாரிக்கும் விதம்

“அத்தை, பன்னிரண்டு பேரும் ரத்தசாட்சியாச் செத்தாங்கன்னு எங்கே எழுதியிருக்கு?”

என் அண்ணன் மகன்தான் கேட்டான், வயது பத்தொன்பது. கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் அப்போதுதான் மூச்சு விடாமல் பேசி முடித்திருந்தேன்: இயேசு உயிர்த்தெழவில்லை என்றால் பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஒரு பொய்க்காகவா உயிரை விட்டிருப்பார்கள், அது இது என்று. என்னிடம் பதில் இல்லை. போதாததற்கு, “பன்னிரண்டுல யூதாஸும் சேர்த்தியா?” என்று ஒன்று.

இருபத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் நான். ஆதாரமில்லாத வரி கண்ணில் பட்டால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கே திருப்பி அனுப்புவது என் வேலை. என் வாயிலிருந்து வந்த வரிக்குக் கேள்விக்குறி போட அவன் வரவேண்டியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், என் விசுவாசத்துக்கான காரணங்களையும் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பது போலப் பார்த்துவிடுவது என்று. சில வருடம் ஆயிற்று. உங்களிடமும் யாராவது கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் தயாரிக்க நான் கற்றுக்கொண்ட வழி இது.

முதலில் அடிக்க வேண்டியதை அடியுங்கள்

நல்ல காரணங்களைத் தேடுவதற்கு முன்னால் நொண்டிக் காரணங்களை வெளியே எடுத்து வையுங்கள். கேட்பவர் ஒன்றைப் பிடித்துவிட்டால் மற்ற ஒன்பதையும் நம்பமாட்டார், நியாயமும் அதுதான்.

ரத்தசாட்சி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். செபதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றது அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவின் சகோதரன் யாக்கோபு எருசலேமில் கி.பி. 62-இல் கல்லெறிந்து கொல்ல ஒப்படைக்கப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் எழுதியிருக்கிறார். பேதுருவும் பவுலும் ரோமில் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு மிகப் பழைய, வலுவான மரபு உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோரைப் பற்றிக் கிடைப்பது பின்னால் வந்த கதைகள். இந்த நாலு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் இதை வைத்து ‘ஆகவே உயிர்த்தெழுந்தார்’ என்று தாவ வேண்டாம். எத்தனையோ பேர் தவறான விஷயத்துக்காகவும் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் தெரிந்தே பொய் சொல்லவில்லை என்பது மட்டும்தான் இதிலிருந்து கிடைக்கும். அதுவே பெரிய விஷயம், ஆனால் அவ்வளவுதான்.

அடுத்தது மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், 16:9 முதல் 20 வரை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அவை கிடையாது. அவற்றை வைத்து வாதம் கட்டாதீர்கள். ஜோசீபஸ் புத்தகத்தின் 18-ஆம் பாகத்தில் இயேசு உயிரோடு தோன்றினார் என்று ஒரு பத்தி வரும். அதில் பின்னாள் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கிறிஸ்தவராகாத ஒரு யூதர் ‘இவரே கிறிஸ்து’ என்று எழுதினால் புரூஃப் பார்க்கும் எவளுக்கும் மூக்கு வியர்க்கும். இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் டூரின் துணியும் வேண்டாம். 1988-இல் செய்த கார்பன் சோதனை அதன் காலத்தை 1260-க்கும் 1390-க்கும் இடையில் வைத்தது, அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டைக்குள் நீங்கள் ஏன் போகவேண்டும்?

இவ்வளவையும் அடித்தபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது, மிச்சம் ஏதாவது இருக்குமா என்று.

சுவிசேஷத்திலிருந்து தொடங்காதீர்கள்

எல்லோரும் காலிக் கல்லறையிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் இப்போது 1 கொரிந்தியர் 15-இல் தொடங்குகிறேன். காரணம், காலம். பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 54-ஐ ஒட்டி. சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33. இடைவெளி இருபது சொச்சம் வருடம். சுவிசேஷங்கள் பொதுவாக இதற்குப் பிந்தியவை என்றே கணிக்கப்படுகின்றன.

ஆனால் சுவாரசியம் கடிதத்தின் தேதியில் இல்லை, 3-ஆம் வசனம் தொடங்கி வரும் சில வரிகளில் இருக்கிறது. ‘நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்’ என்று பவுல் ஆரம்பிக்கிறார். ஒரு பாடத்தைக் குருவிடம் வாங்கி மாணவனிடம் கொடுப்பதற்கு யூத ரபிகள் பயன்படுத்திய பேச்சு அது. அப்புறம் நாலு சின்ன வாக்கியம். மரித்தார் என்று, அடக்கம்பண்ணப்பட்டார் என்று, எழுப்பப்பட்டார் என்று, தரிசனமானார் என்று. கிரேக்க மூலத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஹோட்டி’ என்ற சொல் வருகிறது, நம் ‘என்று’ மாதிரி. வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் செய்யப்பட்ட அமைப்பு. தொடர்ந்து, யார் யாருக்குத் தரிசனமானார் என்று ஒரு பட்டியல்.

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. ஒருவருடைய எழுத்தைத் தொடர்ந்து படித்தால் அவர் நடை கைக்குப் பழகிவிடும். நடுவில் திடீரென்று வேறு சொற்கள் வந்தால், இது இவருடையதில்லை, எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். பவுலின் கடிதங்கள் எல்லாவற்றிலும் ‘பன்னிருவர்’ என்ற சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ‘வேதவாக்கியங்களின்படி’ என்று இதே உருவில் வருவதும் இங்கேதான். பேதுருவுக்கு ‘கேபா’ என்ற அரமேயிக் பெயர். ஆக இது பவுல் இயற்றியதல்ல, அவருக்கு முன்பே சபையில் ஓதப்பட்டு வந்தது. நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்கள்கூடப் பலர் இதை ஒப்புக்கொள்கிறார்கள், சிலுவை மரணத்துக்குப் பின் சில வருடங்களுக்குள் உருவானது என்றே வைக்கிறார்கள்.

யாரிடம் கற்றிருப்பார்? கலாத்தியர் முதல் அதிகாரத்தைத் திறந்து இதன் பக்கத்தில் வையுங்கள். மனம் மாறி மூன்று வருடம் கழித்து எருசலேமுக்குப் போனேன், கேபாவோடு பதினைந்து நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டேன் என்கிறார். பட்டியலில் தனிப்பெயரோடு வரும் இரண்டு பேர் இவர்கள்தான்: கேபா, யாக்கோபு. பதினைந்து நாள் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வானிலையைப் பற்றியா பேசியிருப்பார்கள்?

பட்டியலில் ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களைச் சொல்லும் இடத்தில் பவுல் ஒரு வரி சேர்க்கிறார்: அவர்களில் பெரும்பாலானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சிலர்மாத்திரம் நித்திரையடைந்தார்கள். பழங்கதை சொல்கிறவர் இப்படிச் சொல்லமாட்டார். ஆள் இருக்கிறார், போய்க் கேட்டுக்கொள் என்கிற தொனி அது.

அந்தப் பெண்கள்

என் மனதில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக நிற்பது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாலு சுவிசேஷத்திலும் கல்லறை காலியாக இருப்பதை முதலில் காண்பது பெண்கள். நாலிலும் மகதலேனா மரியாள் பெயர் இருக்கிறது. இந்தக் காலத்தில் படிக்கும்போது இதில் ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு? பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது, அவர்கள் புத்தி நிலையற்றது என்று ஜோசீபஸ் சட்டம் போலவே எழுதி வைத்திருக்கிறார். லூக்காவிலும் அப்போஸ்தலர்களுக்கே அந்தப் பெண்களின் வார்த்தை ‘வீண்பேச்சாகத் தோன்றினது’. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற கிரேக்கர் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதியபோது எதைப் பிடித்தார் தெரியுமா? இதைப் பார்த்தது யார், புத்தி பேதலித்த ஒரு பெண்பிள்ளைதானே என்றார்.

கதையைக் கட்டுகிறவன் முதல் சாட்சியாகப் பேதுருவை வைத்திருப்பான், இல்லாவிட்டால் ஆலோசனைச் சங்கத்து உறுப்பினரான அரிமத்தியா யோசேப்பை. எந்த எடிட்டர் கையில் கொடுத்திருந்தாலும், ‘இந்த ஆளை மாற்று’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருப்பார். ஒருவரும் மாற்றவில்லை. இதில் இன்னொன்று: பவுல் ஒப்புவிக்கும் அந்தப் பழைய பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை. வெளியே சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டுச் சொல்லும் வழக்கம் அப்போதே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இருந்தும், நடந்ததை விவரமாக எழுதும்போது சுவிசேஷக்காரர்களால் பெண்களை எடுக்க முடியவில்லை. நடந்தது அதுதான் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

யோவான் 20-ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். கல்லறைக்குப் போனது மரியாள் ஒருத்தி மட்டும் என்பது போலத்தான் கதை போகிறது. மற்ற சுவிசேஷங்களில் கூட ஆட்கள் இருக்கிறார்கள், இது முரண்பாடு என்று கேட்பார்கள். ஆனால் இரண்டாம் வசனத்தில் அவள் ஓடிவந்து பேதுருவிடம், அவரை எங்கே வைத்தார்களோ ‘எங்களுக்கு’த் தெரியவில்லை என்கிறாள். பதின்மூன்றாம் வசனத்தில் தனியாக நின்று அழும்போது தூதர்களிடம் ‘எனக்கு’ என்கிறாள். மூலத்திலும் அப்படித்தான், முதலில் பன்மை, பிறகு ஒருமை. கூட வந்தவர்களைக் கதையில் காட்டாவிட்டாலும் அவள் பேச்சில் அவர்கள் இருக்கிறார்கள். நான் இதைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாள் விரல் அங்கே நின்றது.

முரண்பாடுகள் எல்லாமே இப்படித் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. மாற்குவில் வெண்ணங்கி தரித்த ஒரு வாலிபன், லூக்காவில் இரண்டு பேர். மத்தேயுவில் சீஷர்களுக்குத் தரிசனம் கலிலேயாவில், லூக்காவில் எருசலேமைச் சுற்றியே. கேட்டால் ‘ஆமாம், வேறுபடுகிறது’ என்று சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம். நாலு கை எழுதியதை ஒரே கை சீர்படுத்தியிருந்தால் இந்த வேறுபாடுகள்தான் முதலில் போயிருக்கும். எல்லாம் வேறுபடும் இடத்தில் எது வேறுபடவில்லை என்று பாருங்கள்: வாரத்தின் முதல் நாள், விடியற்காலம், பெண்கள், புரண்டு கிடந்த கல், உள்ளே உடல் இல்லை.

மாற்றுக் கதைகள் வரும்போது

உயிர் போகவில்லை, மயங்கிக் கிடந்து எழுந்தார் என்பார்கள். இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜோசீபஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒன்று சொல்கிறார். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த தன் நண்பர்கள் மூன்று பேருக்காகத் ரோமத் தளபதி டைட்டஸிடம் மன்றாடி உயிரோடு இறக்க வைத்தார். வைத்தியம் பார்த்தும் இரண்டு பேர் இறந்துபோனார்கள், ஒருவர் பிழைத்தார். அதாவது ஆணை போட்டு, இறக்கி, வைத்தியமும் பார்த்த பிறகே இந்த நிலை. கல்லறைக்குள் துணி சுற்றிக் கிடந்தவர் எழுந்துவந்து, ‘மரணத்தை வென்றவர்’ என்று பார்ப்பவர்களை நம்பவைத்தார் என்பது என்னால் ஜீரணிக்க முடியாதது.

சிலுவையில் செத்தவனுக்கு ஏது கல்லறை, நாய் நரிக்குத்தான் போட்டிருப்பார்கள் என்பது இன்னொன்று. பொதுவாக அது உண்மைதான். ஆனால் 1968-இல் எருசலேமின் வடக்கே கிடைத்த ஓர் எலும்புப் பெட்டியில் குதிகால் எலும்பும் அதில் பாய்ந்த ஆணியும் அப்படியே இருந்தன. பெட்டியில் பெயரும் உண்டு, யெஹோகனான். சிலுவையில் அறையப்பட்டு, முறையாகக் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்ட ஆள். ஆக அது நடக்கக்கூடியதே.

உடலைச் சீஷர்கள் திருடினார்கள் என்ற பேச்சு மத்தேயு எழுதும்போதே ஊரில் இருந்தது, அவரே சொல்கிறார். காவல் வைத்த கதை மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது, அதனால் அதை நான் அழுத்துவதில்லை. அந்தப் பேச்சையே கவனிக்கச் சொல்கிறேன். ‘திருடிவிட்டார்கள்’ என்று எதிராளி சொன்னால், உடல் அங்கே இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டுதானே சொல்கிறார்?

பலமான மாற்றுக் கதை ஒன்றே ஒன்றுதான்: துக்கத்தில் வந்த பிரமை. இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். என் அம்மா இறந்த மாதத்தில் பக்கத்து அறையில் அவர் இருமியது எனக்குக் கேட்டது. இரண்டு முறை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் வாதமல்ல. ஆனால் இருமல் கேட்டபோது அம்மா உயிர்த்தெழுந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா போய்விட்டார் என்பதுதான் இன்னும் உறைத்தது. அன்றைய யூதருக்கும் இறந்தவரின் ஆவி தெரிவது என்பதற்குத் தனிச் சொல், தனி எண்ணம் இருந்தது. பேதுரு சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது ‘அவருடைய தூதன்’ என்றுதான் வீட்டிலிருந்தவர்கள் முதலில் சொன்னார்கள். உயிர்த்தெழுதல் என்பது அவர்களுக்கு உலக முடிவில், எல்லோருக்கும் சேர்ந்து நடப்பது. லாசருவின் சகோதரி மார்த்தாளும் ‘கடைசி நாளில்’ என்றுதான் சொன்னாள். நடுவில் ஒரே ஒருவர், அதுவும் சிலுவையில் சபிக்கப்பட்டுச் செத்தவர், உடலோடு எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. பிரமை நம்மிடம் இருக்கும் அச்சில்தான் வார்க்கும். இதற்கு அச்சே இல்லை.

மேசியா என்று நம்பப்பட்ட வேறு தலைவர்களும் கொல்லப்பட்டார்கள். ரோமை எதிர்த்துக் கிளர்ந்த பார் கோக்பா கி.பி. 135-இல் விழுந்தபோது அவர் ஆட்கள் ஒருவரும் அவர் எழுந்துவிட்டார் என்று சொல்லவில்லை. தலைவன் செத்தால் கூட்டம் கலையும், இல்லாவிட்டால் வேறு தலைவனைத் தேடும். எருசலேமில் தேடாமலும் ஓர் ஆள் தயாராக இருந்தார், இயேசுவின் சொந்தத் தம்பி யாக்கோபு. அவர் சபைக்குத் தலைவரானார், ஆனால் மேசியா ஆகவில்லை. அண்ணன் இருக்கும்போது அவரை நம்பாத தம்பி அவர் (யோவான் 7:5). கூடப் பிறந்தவனைக் கடவுளின் அபிஷேகம் பெற்றவர் என்று ஒத்துக்கொள்ள என்ன ஆகவேண்டும், வீட்டில் அண்ணன் தம்பி உள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள். பவுல் துக்கத்திலும் இல்லை, எதிர்பார்ப்பிலும் இல்லை. சபையை அழிக்கப் போய்க்கொண்டிருந்தவர். துக்கப் பிரமை பேதுருவுக்குப் பொருந்தலாம். யாக்கோபுக்குக் கஷ்டம். பவுலுக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை.

சரி, இத்தனைக்குப் பிறகும் ‘செத்தவர்கள் எழுவதில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அவர்களோடு ஒத்துப்போங்கள். எழுவதில்லை, அதுதான் விஷயமே. உடல்கள் தானாக எழும் என்று கிறிஸ்தவம் சொல்லவே இல்லை, தேவன் எழுப்பினார் என்கிறது. தேவனே இல்லை என்று முதலிலேயே முடிவு செய்தவருக்கு எந்தச் சாட்சியும் போதாது. அப்போது பேச்சைக் கல்லறையிலிருந்து எடுத்து, தேவன் இருக்கிறாரா என்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அது வேறொரு நாளுக்கு.

சொல்லும்போது

எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் கொட்டாதீர்கள். கேட்டவர் எதைக் கேட்டாரோ அதற்கு மட்டும், அதிகபட்சம் இரண்டு விஷயம். வசனத்தை நீங்கள் படித்துக் காட்டாமல் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் கண்ணால் பார்க்கும் ‘எங்களுக்கு’வும் நீங்கள் சொல்லும் ‘எங்களுக்கு’வும் ஒன்றல்ல.

துக்க வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். மகனை இழந்த ஒரு தாயிடம் நான் 1 கொரிந்தியர் 15-ஐ விளக்கப் போனேன், அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிடம் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு முதலில் அழுதார். நான் அந்த வசனத்தை அன்றைக்கு மறந்துபோனேன்.

இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கணக்கு மாதிரி விடை வராது. கதவு வரைக்கும் கொண்டுவிடும். உள்ளே போனது நான் எப்படி என்று கேட்டால், வாதத்தால் இல்லை, ஜெபத்தால். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் வாதத்தின் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

அண்ணன் மகன் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. போன மாதம் மாற்குவை எடுத்துப் படித்தானாம், 16:8-இல் நிறுத்தி, நான் சொன்னபடியே. பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு போன்.

“அத்தை, யாருக்குமே சொல்லலைன்னா மாற்குவுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“நீயே சொல்லு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்புறம் சொல்லியிருக்காங்க,” என்றான்.